இறக்கிய காருக்கு அட்ஜஸ்டபிள் பான்ஹார்ட் பார்: அறிகுறியைப் பார்த்துக் கோளாறைப் பிடிக்கும் வழி

ஸ்பிரிங்கை மாற்றி காரை 40, 50 மி.மீ. இறக்கியாயிற்று. ஒரு வாரம் கழித்துப் பின்னால் நின்று பார்த்தால் ஒரு பக்கச் சக்கரம் மட்கார்டுக்குள் பதுங்கியிருக்கிறது, மறுபக்கச் சக்கரம் வெளியே எட்டிப் பார்க்கிறது. இல்லையென்றால் பள்ளத்தில் இறங்கும்போது ஒரே பக்கத்தில் டயர் உரசுகிறது. யாரிடம் கேட்டாலும் "பான்ஹார்ட் பார் மாத்திடுங்க" என்று ஒரே வரியில் சொல்லிவிடுவார்கள். பல சமயம் அது சரியான பதில்தான். ஆனால் எந்த அறிகுறிக்கு அந்த பார் மருந்து, எதற்கு இல்லை என்று தெரியாமல் வாங்கினால் பணமும் போகும், கோளாறும் அப்படியே இருக்கும். அதனால் அறிகுறியிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில், உங்கள் காரில் அது இருக்கிறதா?

அடியில் குனிந்து பாருங்கள். இரண்டு பின்சக்கரங்களையும் இணைக்கும் ஒரே கெட்டியான ஆக்சில், அதன்மேல் காயில் ஸ்பிரிங், அப்புறம் குறுக்கே ஒரு கம்பி. அந்தக் கம்பியின் ஒரு முனை பாடியில், மறுமுனை ஆக்சிலில். அதுதான் பான்ஹார்ட் பார். லேட்டரல் ராடு, டிராக் பார் என்றும் சொல்வார்கள். பான்ஹார்ட் எ லெவாசோர் என்ற பழைய பிரெஞ்சு கார் நிறுவனத்தின் பெயர்தான் அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 2005 முதல் 2014 வரை வந்த ஃபோர்டு மஸ்டாங், 1982 முதல் 2002 வரை வந்த கமாரோ, டொயோட்டாவின் ஏஇ86, வால்வோ 240 எல்லாவற்றிலும் பின்னால் இது உண்டு. காயில் ஸ்பிரிங் வைத்த சுசுகி ஜிம்னியில் முன்னாலும் பின்னாலும் இருக்கிறது.

லீஃப் ஸ்பிரிங் வண்டியில் பட்டைகளே ஆக்சிலைப் பக்கவாட்டில் பிடித்துக்கொள்கின்றன, அதனால் பெரும்பாலும் இது இருக்காது. நான்கு சக்கரத்துக்கும் தனித்தனி சஸ்பென்ஷன் உள்ள காரில் இதற்கு வேலையே இல்லை. அப்படிப்பட்ட கார் என்றால் உங்கள் கோளாறு வேறு இடத்தில் இருக்கிறது.

இறக்கினால் ஆக்சில் ஏன் பக்கவாட்டில் நகர்கிறது?

சுவரில் சாய்த்து வைத்த ஏணியை நினைத்துக்கொள்ளுங்கள். ஏணியின் நீளம் மாறாது. தலை கீழே இறங்கினால் கால் சுவரைவிட்டுத் தள்ளிப் போகும். பாரின் பாடி முனைதான் ஏணியின் தலை, ஆக்சில் முனைதான் கால். கார் இறங்கும்போது பாடி முனை இறங்குகிறது, பார் படுக்கிறது, ஆக்சில் பாடி முனையிலிருந்து விலகிப் போகிறது. ஆகவே பாரின் ஆக்சில் முனை எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கச் சக்கரம்தான் வெளியே வரும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் கோளாறைப் பிடிக்க இதுதான் முதல் சோதனை.

எவ்வளவு நகரும்? போல்ட்டிலிருந்து போல்ட்டுக்கு 1000 மி.மீ. நீளமுள்ள பார் என்று வைத்துக்கொள்வோம். பாடி முனை ஆக்சில் முனையைவிட 100 மி.மீ. உயரத்தில் இருந்தது, காரை 50 மி.மீ. இறக்கியதில் அது 50 ஆனது. ஆக்சில் நகர்வது கிட்டத்தட்ட 3.8 மி.மீ. தான். அதே பார் முதலில் 150 மி.மீ. சரிவில் இருந்து 100க்கு இறங்கியிருந்தால் 6.3 மி.மீ. நகரும். இறக்கிய அளவு இரண்டிலும் ஒன்றுதான், தொடக்கத்தில் இருந்த சரிவுதான் வித்தியாசத்தை உண்டாக்குகிறது. "எத்தனை மி.மீ. இறக்கினால் பார் மாற்ற வேண்டும்" என்று எல்லாக் காருக்கும் ஒரே எண் சொல்ல முடியாததற்கு இதுதான் காரணம்.

இன்னொன்றும் கவனியுங்கள். 50 மி.மீ. மேலே இருந்த பாடி முனை, 100 மி.மீ. இறக்கியதால் ஆக்சில் முனைக்கு 50 மி.மீ. கீழே போய்விட்டால், கணக்குப்படி ஆக்சில் பழைய இடத்துக்கே திரும்பி வந்திருக்கும். அளந்து பார்த்தால் நடுவில்தான் இருக்கும். ஆனால் சரிவு தலைகீழாகிவிட்டது. ரொம்ப இறக்கிய கார்களில் இது நடக்கிறது, நீளத்தை மட்டும் பார்க்கிறவர்கள் கண்ணுக்கு இது தப்பிவிடும்.

அறிகுறி: ஒரு சக்கரம் உள்ளே, ஒன்று வெளியே

கண்ணால் பார்த்து முடிவு செய்யாதீர்கள், அளக்க வேண்டும். சமதளத்தில் காரை நிறுத்தி, நான்கைந்து அடி முன்னும் பின்னும் உருட்டி, பின்பக்கத்தைக் கையால் அழுத்தி அழுத்தி விட்டு, சஸ்பென்ஷனைத் தன் இடத்தில் உட்காரவிடுங்கள். வழக்கமாக என்ன எடையோடு ஓட்டுகிறீர்களோ அந்த எடை உள்ளே இருக்கட்டும். ஜாக்கியில் தூக்கி வைத்து அளந்தால் ஆக்சில் தொங்கும், பார் சரியும், வருகிற எண் எதற்கும் உதவாது.

கொத்தனார் வைத்திருக்கும் தூக்குக்குண்டு ஒன்று போதும். சக்கரத்தின் நடுக்கோட்டுக்கு நேர் மேலே, மட்கார்டு விளிம்பில் நூலை ஒட்டித் தொங்கவிட்டு, நூலிலிருந்து ரிம் விளிம்பு வரை இரண்டு பக்கமும் அளக்கவும். இதோடு நிறுத்த வேண்டாம். மட்கார்டு என்பது தகடு. எப்போதோ ஒரு இடி வாங்கித் தட்டி நிமிர்த்தியிருந்தால் அதிலேயே 4, 5 மி.மீ. வித்தியாசம் இருக்கும், பழுதில்லாத காரிலும் இரண்டு பக்கமும் அச்சாக ஒன்றுபோல் இருப்பதில்லை. ஆகவே அடியில் சேஸிஸ் பலகையின் வெளிப்பக்கத்திலிருந்து ரிம்மின் உள்விளிம்பு வரையும் இரண்டு பக்கமும் அளந்துகொள்ளுங்கள். இரண்டு கணக்கும் ஒரே பக்கத்தைக் காட்டினால் ஆக்சில் நகர்ந்திருக்கிறது என்று நம்பலாம். மட்கார்டில் மட்டும் வித்தியாசம், சேஸிஸில் சமம் என்றால் பாரைத் தொடாதீர்கள்.

இப்போது ஏணிச் சோதனை. வெளியே வந்திருக்கும் சக்கரம், பாரின் ஆக்சில் முனை இருக்கும் பக்கமா? ஆமாம் என்றால் இறக்கியதுதான் காரணம், பாரைச் சுருக்க வேண்டும். எதிர்ப்பக்கம் என்றால் கொஞ்சம் நில்லுங்கள். இறக்கியதால் அந்தப் பக்கம் வெளியே வருவதற்குப் பெரும்பாலும் வழியில்லை. ரிம்மை வெளியே தள்ளும் ஸ்பேசர் தகடு ஒரு பக்கம் மட்டும் போட்டிருக்கிறதா, நான்கு ரிம்மின் ஆஃப்செட்டும், அதாவது ரிம் எவ்வளவு உள்ளே உட்காரும் என்ற அளவும், ஒன்றா, பழைய விபத்தில் பிராக்கெட் வளைந்திருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். பாரின் சரிவு தலைகீழாகும் அளவுக்கு இறக்கியிருந்தால் மட்டும் இந்தத் திசை சாத்தியம்.

அப்புறம் நிறையப் பேர் தப்பு செய்யும் இடம்: ஒரு பக்கம் 12 மி.மீ. அதிகமாக வெளியே நிற்கிறது என்றால் ஆக்சில் நகர்ந்தது 12 அல்ல, 6. ஒரு பக்கம் 6 கூடியிருக்கிறது, மறுபக்கம் 6 குறைந்திருக்கிறது, அவ்வளவுதான். பாரின் நீளத்தை 6 மி.மீ. மாற்றினால் போதும். 12 மாற்றினால் இப்போது மறுபக்கம் அதே அளவு வெளியே நிற்கும், பார் சரியில்லை என்று அதன்மேல் பழி விழும்.

இரண்டு பக்கத்துக்கும் உள்ள வித்தியாசம் 5, 6 மி.மீ.க்குள் இருந்து, எங்கேயும் உரசாமல் இருந்தால் நான் அப்படியே விட்டுவிடச் சொல்வேன். ஓட்டும்போது அது தெரியாது.

எந்த பார் வாங்குவது?

விளம்பரப் படங்களில் எல்லாம் பளபளவென்று இருக்கும். நீங்கள் பார்க்க வேண்டியது நான்கே விஷயம், அதில் முனைதான் முதலில்.

புஷ் என்பது பாரின் முனைக்குள், போல்ட்டைச் சுற்றி உட்காரும் மெத்தை. ரப்பர் புஷ் அமைதியாக இருக்கும், ஆனால் பக்கவாட்டில் நசுங்கும். பாலியூரித்தேன் புஷ் நசுங்குவது குறைவு, கிரீஸ் காய்ந்தால் கீச்சிடும், சத்தம் கொஞ்சம்தான் கூடும். உருண்டை மூட்டு, அதாவது ராடு எண்டு, துளியும் நசுங்காது. ஆக்சில் எங்கே இருக்க வேண்டுமோ அங்கேயே பிடித்து வைக்கும், எல்லாக் கோணத்திலும் தடையில்லாமல் திரும்பும். அதற்குப் பதிலாகச் சாலையின் சொரசொரப்பும் ஆக்சிலின் நடுவே உள்ள டிஃப்ரன்ஷியல் பல்சக்கரத்தின் ஊளையும் நேராக உங்கள் இருக்கைக்கு வரும், மண்ணும் தண்ணீரும் படும் இடத்தில் அது தேயும், வருஷக்கணக்கில் மறந்துவிட்டு ஓட்ட முடியாது. தினமும் ஓட்டும் காருக்கு இரண்டு முனையும் பாலியூரித்தேன், அல்லது பாடி முனையில் பாலியூரித்தேன், ஆக்சில் முனையில் உருண்டை மூட்டு. பந்தயத் தடத்துக்குப் போகிற காருக்கு இரண்டும் உருண்டை மூட்டு. என் தேர்வு இதுதான்.

ஒரு எச்சரிக்கை இங்கே சேர்க்க வேண்டும். டிஃப்ரன்ஷியல் மூடிக்கு இடம்விட்டு நடுவில் வளைத்த பார்கள் உண்டு. வளைந்த பாருக்கு இரண்டு முனையிலும் உருண்டை மூட்டு வைத்தால் அதைப் பிடித்து வைக்க எதுவும் இல்லை, பார் தன் அச்சிலேயே புரண்டு, வளைவு எந்தப் பக்கம் இருக்கக் கூடாதோ அந்தப் பக்கம் போய் இடிக்கும். வளைந்த பாரில் ஒரு முனையாவது புஷ்ஷாக இருக்க வேண்டும். இடம் இருந்தால் நேரான பாரையே எடுங்கள். இழுக்கும்போதும் தள்ளும்போதும் நேரான குழாய்தான் விறைப்பாக நிற்கும், வளைந்ததில் அதே விறைப்பு வேண்டுமென்றால் குழாய் தடிமனாக இருக்க வேண்டும்.

இரண்டாவது, அட்ஜஸ்டர், அதாவது பாரின் நீளத்தை மாற்றும் மரை. ஒரு முனையில் மட்டும் மரை இருந்தால், போல்ட்டைக் கழற்றி, முனையை அரைச் சுற்று அல்லது ஒரு சுற்று திருப்பி, மறுபடியும் மாட்ட வேண்டும். ஒவ்வொரு முறையும் காருக்கு அடியில் அதே வேலை. ஒரு முனையில் வலது மரை, மறுமுனையில் இடது மரை வைத்த பாரில், கார் தரையில் நிற்கும்போதே நடுக்குழாயை ஸ்பேனரால் திருப்பி நீளத்தை மாற்றலாம். விலை கொஞ்சம் கூடினாலும் இதற்குக் கொடுக்கும் பணம் வீண் போகாது. மரை 1.5 மி.மீ. இடைவெளி என்றால் ஒரு முழுச்சுற்றுக்கு இரண்டு முனையும் சேர்ந்து 3 மி.மீ. மாறும், மேலே சொன்ன 6 மி.மீ.க்கு இரண்டு சுற்று. 3/4 அங்குலத்தில் அங்குலத்துக்கு 16 மரை உள்ள முனை என்றால் ஒரு முனைக்குச் சுற்றுக்கு 1.59 மி.மீ., இரண்டுக்கும் சேர்த்து 3.2 மி.மீ. பக்கம்.

மூன்றாவது, நீளத்தின் எல்லை. உங்கள் பழைய பாரின் நீளத்தைப் போல்ட் மையத்திலிருந்து மையத்துக்கு அளந்து, அதிலிருந்து கழிக்க வேண்டியதைக் கழித்து, அந்த நீளத்தில் மரை எவ்வளவு உள்ளே இருக்கும் என்று பாருங்கள். மரையின் விட்டத்துக்குக் குறையாமல், முடிந்தால் ஒன்றரை மடங்கு உள்ளே இருக்க வேண்டும். மறுதிசையிலும் ஒரு சிக்கல் உண்டு: முழுவதும் திருகி மூடிய பிறகும் பார் உங்களுக்கு வேண்டியதைவிட நீளமாக இருந்தால் அது உயர்த்திய வண்டிக்காகச் செய்த பாராக இருக்கும். காரை உயர்த்தினால் பார் நீள வேண்டும், இறக்கினால் சுருங்க வேண்டும். வாங்கும்போது இதைக் கேட்டே ஆக வேண்டும்.

நான்காவது யாரும் பார்க்காதது, புஷ்ஷின் நடுவே இருக்கும் இரும்புக் குழல். பிராக்கெட்டின் இரண்டு காதுக்கும் நடுவே உள்ள இடைவெளியை அளந்து, குழலின் நீளத்தோடு ஒப்பிடுங்கள். குழல் 2 மி.மீ. குட்டையாக இருந்தாலும் போல்ட்டை இறுக்கும்போது காதுகள் உள்ளே வளையும், குழலைப் பிடிக்காது. பார்வைக்கு இறுகியிருக்கும், உள்ளே ஆடும். அடுத்து வரும் சத்தத்துக்கு இது ஒரு பெரிய காரணம்.

குழாய் சாதாரண எஃகா, குரோமோலி என்ற கலப்பு எஃகா, அலுமினியமா என்பதைக் கடைசியாக யோசித்தால் போதும். சாலையில் ஓடும் காருக்கு நல்ல எஃகுக் குழாய் தாராளமாகத் தாங்கும்.

அறிகுறி: திரும்பும்போதும் ஒற்றைச் சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போதும் "டக்"

இது பார் புதிதாகப் போட்ட காரிலும் வரும், பழைய காரிலும் வரும். பான்ஹார்ட் பார் சத்தத்துக்கு ஒரு குணம் உண்டு: இரண்டு சக்கரமும் சேர்ந்து ஏறும் வேகத்தடையில் அவ்வளவாக வராது, ஒரு பக்கம் மட்டும் ஏறி இறங்கும்போதும், ஒரு பக்கமிருந்து மறுபக்கம் சட்டென்று ஒடிக்கும்போதும் ஒரே ஒரு "டக்" வரும். பிரேக் பிடிக்கும்போதும் ரிவர்ஸ் போடும்போதும் மட்டும் வருகிறது என்றால் ஆக்சிலை முன்பின்னாகப் பிடித்து வைக்கும் டிரெயிலிங் ஆர்ம் கம்பிகளின் புஷ்களைத் தேடுங்கள்.

சோதிக்க இருவர் வேண்டும். கார் தரையிலேயே நிற்கட்டும். ஒருவர் பின்பக்க மட்கார்டுக்கு மேலே உள்ளங்கையை வைத்துப் பக்கவாட்டில் தாளமாகத் தள்ளித் தள்ளி விடட்டும், இன்னொருவர் சாய்வுப் பலகை அல்லது குழியிலிருந்து பாரின் ஒவ்வொரு முனையிலும் விரலை வைத்துப் பார்க்கட்டும், பாதி விரல் போல்ட் தலையிலும் பாதி பிராக்கெட்டிலும் படுகிற மாதிரி. ஆட்டம் இருந்தால் காதுக்குக் கேட்பதற்கு முன்பே விரலுக்குத் தெரிந்துவிடும். வெறும் ஜாக்கியை நம்பி அடியில் போகவே போகாதீர்கள்.

நான் ஒருமுறை இப்படி இரண்டு நாள் தேடினேன். புது பார், புது புஷ், லாக் நட்டு இறுக்கம், எல்லாம் சரி. டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தபோதுதான் தெரிந்தது: ஆக்சில் பக்கப் போல்ட்டின் வாஷருக்கு அடியிலிருந்து மெல்லிய செம்பழுப்புப் பொடி ஒரு கோடாக வழிந்திருந்தது, வாஷரைச் சுற்றி நூல் பருமனில் ஒரு பளபளப்பான வளையம். இரும்பும் இரும்பும் உரசினால் வரும் பொடி அது. போல்ட்டைக் கழற்றினால் ஓட்டை வட்டமாக இல்லை, முட்டை வடிவத்துக்குப் போயிருந்தது. போல்ட்டின் மரைப் பகுதி ஓட்டைக்குள் உட்கார்ந்திருந்ததுதான் காரணம். மரையின் கூர் விளிம்பு அரம் மாதிரி ஓட்டையை ராவிக்கொண்டே இருந்திருக்கிறது. பிராக்கெட்டின் இரண்டு காதுக்குள்ளும் மரை இல்லாத வழவழப்பான தண்டு உட்காரும்படி போல்ட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று அன்று கற்றது இன்றுவரை மறக்கவில்லை. ஓட்டை ஏற்கெனவே முட்டையாகிவிட்டால் இறுக்குவதால் பலனில்லை. சரியான ஓட்டையுள்ள கெட்டியான வாஷரைப் பிராக்கெட்டில் பற்ற வைக்க வேண்டும், இல்லையென்றால் பிராக்கெட்டையே மாற்ற வேண்டும்.

போல்ட் நன்றாக இருந்தால் அடுத்து லாக் நட்டு, அதாவது சரிசெய்த நீளம் மாறாமல் மரையைப் பூட்டி வைக்கும் நட்டு. அட்ஜஸ்டபிள் பாரில் அடிக்கடி தளர்வது இதுதான். தளர்ந்தால் மரைக்குள்ளேயே கடகடவென்று ஆடும், அப்படியே ஓட்டினால் மரை தேய்ந்து பாரே வீண். இடது மரை உள்ள முனையின் லாக் நட்டு எதிர்த்திசையில் இறுகும் என்பதை மறக்க வேண்டாம். இடது மரை நட்டுகளின் முனைகளில் பெரும்பாலும் ஒரு சின்ன வெட்டு இருக்கும், விரலால் தடவினாலே தெரியும். தளர்த்துகிறேன் என்று நினைத்து இறுக்கி, நட்டின் மூலைகளை மழுக்கியவர்கள் நிறைய. லாக் நட்டை இறுக்கிய பின் நட்டின் மேலிருந்து குழாய் வரை ஒரு பெயிண்ட் கோடு போட்டு விடுங்கள். கோடு உடைந்திருந்தால் நட்டு நகர்ந்திருக்கிறது, கையால் தொடக்கூட வேண்டாம்.

இரண்டும் சரி என்றால் பாடிப் பக்கப் பிராக்கெட்டைக் கம்பித் தூரிகையால் சுத்தம் செய்துவிட்டு வெல்டிங் ஓரத்தைப் பாருங்கள். மயிரிழை போல ஒரு கோடு, அதிலிருந்து துரு கசிந்தால் விரிசல். இதைத் தள்ளிப் போடக் கூடாது. அந்த ஒரு பிராக்கெட்தான் பின்பக்கம் முழுவதையும் பக்கவாட்டில் பிடித்து வைத்திருக்கிறது.

அறிகுறி: வேகத்தில் மேடுபள்ளம் வந்தால் பின்பக்கம் ஒரு எட்டு பக்கவாட்டில் வைக்கிறது

நேரான சாலையில் போய்க்கொண்டிருக்கிறீர்கள், ஒரு அலை மாதிரி மேடு வருகிறது, ஸ்டியரிங்கை அசைக்காமலே பின்பக்கம் ஒருபுறம் போய்த் திரும்பி வருகிறது. தேய்ந்த புஷ் இருந்தாலும் இப்படி ஆகும், அதை மேலே சொன்ன தள்ளும் சோதனையில் பார்த்துவிடலாம். புஷ் நன்றாக இருந்தால் பாரின் சரிவை அளக்க வேண்டும்.

கார் தரையில் நிற்க, இரண்டு முனைப் போல்ட்டின் மையமும் தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று எழுதிக்கொள்ளுங்கள். அதே 1000 மி.மீ. பாரை எடுத்துக்கொள்வோம். பார் தட்டையாக இருந்தால், சக்கரம் 50 மி.மீ. ஏறினாலும் இறங்கினாலும் ஆக்சில் பக்கவாட்டில் நகர்வது 1.25 மி.மீ. தான். பார் 100 மி.மீ. சரிவில் நின்றால் அதே 50 ஏறும்போது 3.8 மி.மீ. ஒருபுறம், 50 இறங்கும்போது 6.3 மி.மீ. மறுபுறம், மொத்தம் 10 மி.மீ. இந்த 10 மி.மீ.தான் பின்பக்கம் எடுத்து வைக்கும் அந்த எட்டாக இருக்கையில் உங்களுக்குத் தெரிகிறது. சரிந்த பார் இடது திருப்பத்தில் ஒரு மாதிரியும் வலது திருப்பத்தில் இன்னொரு மாதிரியும் நடந்துகொள்ளும், அதுவும் இதோடு சேர்ந்த அறிகுறிதான்.

நீளத்தை மாற்றினால் இது தீராது. அட்ஜஸ்டபிள் பார் ஆக்சிலை நடுவுக்குக் கொண்டு வரும், சரிவை மாற்றாது. சரிவை மாற்ற ஒரு முனையின் உயரத்தை மாற்ற வேண்டும், அதற்கு ரீலொகேஷன் பிராக்கெட் என்று தனியாக வருகிறது. பல கார்களில் இறக்கியதே பாரைப் படுக்க வைத்துவிடும், பிராக்கெட் தேவைப்படாது. அளந்து பார்த்து, 1000 மி.மீ.க்கு 50 மி.மீ. வரை சரிவு, அதாவது ஏறத்தாழ 3 டிகிரி, இருந்தால் நான் பிராக்கெட் வாங்க மாட்டேன். அதைத் தாண்டினால், அல்லது பாடி முனை ஆக்சில் முனைக்குக் கீழே போயிருந்தால், பாரைவிட பிராக்கெட்தான் முதலில் வேண்டியது. ஒன்றை நினைவில் வையுங்கள்: காரின் நடுக்கோட்டில் பார் எந்த உயரத்தில் கடக்கிறதோ அதுதான் பின்பக்கத்தின் ரோல் சென்டர், அதாவது திருப்பத்தில் பாடி எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அது. ஆக்சில் முனையை இறக்கினால் ரோல் சென்டரும் இறங்கும், திருப்பத்தில் பின்பக்கச் சாய்வு கொஞ்சம் கூடும். பாடி முனையை ஏற்றினால் எதிராக ஆகும். எந்த முனையை மாற்றுவது என்பது இதைப் பொறுத்தது.

ஷாக் அப்சார்பர் செத்துப் போயிருந்தாலும் பின்பக்கம் மிதக்கும். ஆனால் அது மேலும் கீழுமாக ஆடும், பக்கவாட்டில் எட்டு வைக்காது.

அறிகுறி: ஸ்டியரிங் நேராக இல்லை, கார் நண்டு மாதிரி சாய்ந்து ஓடுகிறது

பின்னால் மட்டும் கெட்டி ஆக்சில் உள்ள காரில் இதற்குப் பான்ஹார்ட் பார் காரணம் இல்லை. ஆக்சில் முழுவதும் 6 மி.மீ. பக்கவாட்டில் நகர்ந்தாலும் சக்கரங்கள் நேராகத்தான் பார்த்துக்கொண்டிருக்கும். கார் சாய்ந்து ஓடுகிறதென்றால் ஆக்சிலே கோணலாக நிற்கிறது, ஒரு சக்கரம் முன்னால் ஒன்று பின்னால். அலைன்மென்ட் தாளில் த்ரஸ்ட் ஆங்கிள், அதாவது பின்சக்கரங்கள் காரை எந்தத் திசையில் தள்ளுகின்றன என்ற கோணம், எவ்வளவு என்று பாருங்கள், அது பூஜ்யத்திலிருந்து விலகியிருந்தால் டிரெயிலிங் ஆர்ம்களின் நீளமும் புஷ்ஷும்தான் பார்க்க வேண்டியவை.

முன்பக்கமும் கெட்டி ஆக்சில் உள்ள வண்டி என்றால் கதை வேறு. அங்கே முன் பாரின் நீளத்தை மாற்றினால் ஆக்சில் நகரும், ஸ்டியரிங் பெட்டியைச் சக்கரத்தோடு இணைக்கும் டிராக் லிங்க் கம்பி அதன் பழைய நீளத்திலேயே இருக்கும், ஸ்டியரிங் வீல் உடனே கோணலாகும். பாரைச் சரிசெய்த கையோடு டிராக் லிங்க்கையும் சரிசெய்ய வேண்டும். அங்கே பாரும் டிராக் லிங்க்கும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும். பாரின் ஒரு முனையை மட்டும் பிராக்கெட் போட்டு நகர்த்தினால் மேடு ஏறும்போதெல்லாம் ஸ்டியரிங் தானாக இழுக்கும்.

அறிகுறி: புது பார் போட்டதிலிருந்து ஒரு உறுமல்

உருண்டை மூட்டு என்றால் அது அதன் இயல்பு, புஷ் வைத்த முனைக்கு மாறுங்கள், குறைந்தது பாடி முனையிலாவது. பாலியூரித்தேனில் கீச்சுச் சத்தம் என்றால் கழற்றி, பாலியூரித்தேனுக்கென்று வரும் சிலிக்கான் கிரீஸைத் தடவுங்கள். சாதாரண கிரீஸ் சீக்கிரம் கழுவிப் போகும். ரப்பர் புஷ் உள்ள பாரில் புது புஷ்ஷே சில மாதத்தில் கிழிந்தால், காரைத் தூக்கி வைத்து ஆக்சில் தொங்கும்போது போல்ட்டை இறுக்கியிருக்கிறார்கள் என்று அர்த்தம். கார் தரையில் இறங்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டே நிற்கும். ரப்பர் புஷ் போல்ட்டுகளின் கடைசி இறுக்கம் எப்போதும் சக்கரத்தில் எடை இருக்கும்போதுதான்.

அறிகுறி: பெரிய பள்ளத்தில் மட்டும் அடியில் "டங்"

பார் எதிலோ இடிக்கிறது. இறக்கிய காரில் சஸ்பென்ஷனுக்கு ஏறும் இடம் குறைவு, சைலன்சர் குழாயும் டிஃப்ரன்ஷியல் மூடியும் பாருக்குப் பக்கத்திலேயே வந்துவிடும். பாரின் மேல் கொஞ்சம் களிமண் அல்லது கிரீஸை அப்பிவிட்டு இரண்டு நாள் ஓட்டிப் பாருங்கள், எங்கே நசுங்கியிருக்கிறதோ அங்கேதான் இடி. ஸ்பிரிங்கைக் கழற்றி ஆக்சிலை பம்ப் ஸ்டாப் வரை, அதாவது அது மேலே முட்டி நிற்கும் ரப்பர் கட்டை வரை, ஏற்றிப் பார்ப்பது இன்னும் நல்லது.

சரிசெய்யும் முறை

பழைய பாரைத் தரையில் வைத்து, புது பாரை அதே நீளத்துக்குத் திருகி, அதிலிருந்து கணக்கிட்ட அளவைக் குறைத்து மாட்டுங்கள். இரண்டு பக்கமும் மரை சமமாக வெளியே இருக்கட்டும். பழையதைக் கழற்றியதும் ஆக்சில் ஒருபுறம் சாயும், போல்ட் ஓட்டையில் சேராது. ஆக்சிலுக்கும் சேஸிஸுக்கும் நடுவே ஒரு ராட்செட் பட்டையைக் கட்டி மெல்ல இழுத்தால் வந்துவிடும், சுத்தியலால் அடித்து ஏற்ற வேண்டாம். மாட்டி, உருட்டி, அழுத்தி, மறுபடி அளந்து, தேவைப்பட்டால் கால் சுற்று கால் சுற்றாகத் திருப்பவும். ஏர் சஸ்பென்ஷன் வைத்திருந்தால் நிறுத்தும் உயரத்தில் இல்லை, ஓட்டும் உயரத்தில் நடுவுக்குக் கொண்டு வாருங்கள், அதன்பின் முழுக்க இறக்கி எங்காவது உரசுகிறதா என்று மட்டும் பாருங்கள்.

லாக் நட்டை இறுக்கும்போது உருண்டை மூட்டுகள் இரண்டும் நடுநிலையில், ஒரே தளத்தில் இருக்க வேண்டும். இறுக்கிய பின் பாரைக் கையால் பிடித்து முன்னும் பின்னும் உருட்டினால் இரண்டு திசையிலும் சமமாகக் கொஞ்சம் புரள வேண்டும். ஒரு திசையில் உடனே முட்டினால் நட்டைத் தளர்த்தி மறுபடி இறுக்குங்கள்.

நடுவுக்கு வந்த பிறகும் உரசுகிறதா?

இரண்டு பக்கமும் சமமாக அளந்தும், இரண்டு பக்கமும் உரசினால் ரிம் அகலமோ ஆஃப்செட்டோ உங்கள் உயரத்துக்குப் பொருந்தவில்லை, எந்த பாரும் அதற்கு உதவாது. ஒரு பக்கம் மட்டும் உரசினால் டயரின் பக்கச்சுவரைக் கையால் தடவிப் பாருங்கள். வழவழப்பாக மெருகேறிய வளையம் வெளிப்பக்கம் இருந்தால் மட்கார்டு மடிப்பு, உள்பக்கம் இருந்தால் சேஸிஸ் பக்கம் ஏதோ தொடுகிறது. அந்த உயரத்தில் ஒரு கிளாம்ப்போ போல்ட் முனையோ நீட்டிக்கொண்டிருக்கும். மட்கார்டு மடிப்பு ஒரு பக்கம் மட்டும் தடிமனாக இருந்தால் அந்தப் பக்கத்துக்கு 2, 3 மி.மீ. அதிக இடம் கிடைக்கும்படி ஆக்சிலை வேண்டுமென்றே நகர்த்தி வைப்பதில் தவறில்லை, அளவில் நடு என்பதைவிட உரசாமல் ஓடுவதுதான் முக்கியம்.

முதல் நூறு கிலோமீட்டர் ஓட்டிய பிறகு அடியில் போய் அந்த பெயிண்ட் கோடுகளையும் இரண்டு போல்ட்டையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். அதன்பின் ஆயில் மாற்றும்போதெல்லாம் பார்த்தால் போதும்.